டெல்டாவிலிருந்து மழைக்காட்டுக்கு: பள்ளிக் குழு கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

உங்கள் பள்ளியில் இந்த வருஷம் மழைக்காட்டுப் பயணம் என்று அறிவித்துவிட்டார்களா? பெயர் கொடுத்த கையோடு பையை எடுத்துத் துணி அடுக்க உட்கார்ந்துவிடாதீர்கள். பை கடைசி வாரத்து வேலை. அதற்கு முன் காலுக்கும் மூச்சுக்கும் வாய்க்கும் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து மாணவர்களையும், அவர்களை அழைத்துப்போகும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகளுக்குச் சேறு புதிதில்லை, தண்ணீர் புதிதில்லை, நடவு வயலில் வெறுங்காலோடு நிற்பதும் புதிதில்லை. பட்டணத்துப் பிள்ளைகள் மழைக்காட்டில் முதல் நாள் படுகிற பாட்டில் பாதி இவர்களுக்குக் கிடையாது. பழக்கமில்லாதவை மூன்று: மேடு, குளிர், பேசாமல் நிற்பது. முதல் இரண்டையும் சமாளித்துவிடலாம். மூன்றாவதுதான் கஷ்டம். ஒரு குழு காட்டில் எதையாவது பார்த்ததா, வெறுமனே நடந்துவிட்டு வந்ததா என்பதை முடிவு செய்வதும் அதுதான்.

இடம்

நமக்கு எட்டும் தூரத்தில் உள்ள மழைக்காடு மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. களக்காடு, அமைதிப் பள்ளத்தாக்கு, அகும்பே என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். முதல் தடவை போகும் பள்ளிக் குழுவுக்கு என் ஓட்டு வால்பாறைக்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம், சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம். தார்ச் சாலை ஓரத்தில் நின்றபடியே மழைக்காட்டு மரங்களையும் சிங்கவால் குரங்கையும் பார்க்க முடிகிற ஊர்கள் அதிகம் இல்லை. தங்குமிடம், மருத்துவமனை, சாப்பாட்டுக் கடை எல்லாம் ஊருக்குள்ளேயே உண்டு. பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்று வருகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

பச்சையாக இருப்பதெல்லாம் மழைக்காடு என்று நினைப்பது சகஜம். வால்பாறையில் இறங்கியதும் கண்ணுக்கு எட்டிய வரை தெரிவது தேயிலை. 1890-களில் தொடங்கிக் காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் வைத்தார்கள். மிச்சக் காடு எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாகவும், சுற்றியுள்ள காப்பகத்தில் பெரிய பரப்பாகவும் நிற்கிறது. அதே காப்பகத்தில் இருக்கும் டாப்சிலிப் போனாலும் இதே குழப்பம்தான். அங்கே வரிசையாக நிற்கும் தேக்கு, மனிதர்கள் நட்டு வளர்த்தது, கோடையில் இலையுதிர்ப்பது. அதன் பக்கத்தில் இருக்கும் கரியன் சோலைதான் பசுமைமாறாக் காடு. அடையாளம் சுலபம். அண்ணாந்து பார்த்தால் வானம் துணுக்கு துணுக்காகத்தான் தெரியும். தரையில் புல் இருக்காது, மட்கிய இலைதான் இருக்கும். பெரிய மரங்களின் அடி பலகை பலகையாக விரிந்து நிற்கும். இதை வகுப்பிலேயே சொல்லிவிட்டால், தேயிலைத் தோட்டத்தில் செல்ஃபி எடுத்துவிட்டு மழைக்காடு பார்த்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு வகுப்பு நேரத்தை வரைபடத்துக்கு ஒதுக்குங்கள். காவிரி குடகில் தலைக்காவிரியில் பிறக்கிறது. பவானி நீலகிரியில் தொடங்கி அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு வந்து கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. ஆனைமலைப் பக்கம் பிறக்கும் அமராவதி கரூர் அருகே திருமுக்கூடலூரில் கலக்கிறது. வால்பாறைத் தண்ணீர் மட்டும் நேராக நமக்கு வருவதில்லை. சோலையாறு மேற்கே கேரளத்துக்கு ஓடுகிறது. அதில் ஒரு பகுதியைப் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் கோவை, திருப்பூர்ப் பக்கத்து வயல்களுக்குத் திருப்பிவிடுகிறார்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு, மலைக்காட்டில் என்ன வேலை என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

எந்த மாதம் போகலாம்

நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. அந்த மலைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை. தஞ்சாவூர்ப் பக்கம் வருஷம் முழுக்கப் பெய்வது ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். வால்பாறை மேட்டில் பல இடங்களில் அது 3,000-ஐத் தாண்டும். சின்னக்கல்லார் பக்கம் இன்னும் அதிகம். ஜூலையில் போனால் காடு அதன் முழு வேகத்தில் இருக்கும். மண்சரிவும் இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியும் அப்படியே. பள்ளிக் குழுவுக்கு அது சரிப்படாது. மார்ச்சுக்குப் பிறகு காட்டுத்தீ பயத்தில் பல பாதைகளை மூடிவிடுவார்கள்.

ஆக, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. அதிலும் அரையாண்டு விடுமுறையில் வால்பாறை முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். பொங்கலுக்குப் பிறகு நம் ஊரில் சம்பா அறுவடை. வீட்டில் பிள்ளைகளை விட மாட்டார்கள், விட்டாலும் மனசு களத்துமேட்டில் இருக்கும். ஜனவரியில் பள்ளி திறந்ததற்கும் பொங்கலுக்கும் நடுவில் வருகிற வாரக் கடைசியைப் பிடியுங்கள். கூட்டம் குறைவு, மழை குறைவு, குளிர் மட்டும் உண்டு.

கடிதங்கள்

இது ஆசிரியர்களுக்கு. குறைந்தது இரண்டு மாதம் முன்னால் தொடங்குங்கள். தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலரின் அனுமதி, ஒவ்வொரு மாணவருக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், பொள்ளாச்சியில் உள்ள ஆனைமலை புலிகள் காப்பக அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தில் நாள், மாணவர் எண்ணிக்கை, வயது, உடன் வரும் ஆசிரியர்கள், வண்டி, நோக்கம் எல்லாம் இருக்கட்டும். ‘இயற்கைச் சுற்றுலா’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும். ‘தரை இலைச்சருகில் வாழும் பூச்சிகளைக் குறித்தல், பசுமைமாறாக் காட்டு மரங்களை அடையாளம் காணல்’ என்று எழுதினால் எங்கே அழைத்துப்போவது என்று அவர்களும் யோசிப்பார்கள். வனத்துறை ஆட்கள் துணையில்லாமல் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது; கேட்கவும் கேட்காதீர்கள். வால்பாறை போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் பதிவும் வந்துவிட்டது, அதையும் முன்கூட்டியே முடியுங்கள்.

பெற்றோர் கடிதத்தின் பின்பக்கத்தில் உடல்நிலை விவரம் கேளுங்கள்: வீசிங், வலிப்பு, தேனீ கொட்டினால் ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரை. மாணவர் முன்னால் கேட்டால் மறைப்பார்கள். பெற்றோரிடம் தனியாகப் பேசினால் சொல்லிவிடுவார்கள். வீசிங் உள்ளவர்களை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு, இன்ஹேலரைப் பெரிய பையில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரட்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மாணவிகள் வருகிறார்கள் என்றால் உடன் ஆசிரியை கட்டாயம். மாதவிடாய்க்கு இன்னும் நாள் இருந்தாலும் எல்லோரும் நாப்கின் எடுத்துவரச் சொல்லுங்கள். பயன்படுத்தியதைக் காட்டில் விடாமல் ஊருக்குள் கொண்டுவந்து போட, தாளும் மூடியுள்ள ஒரு டப்பாவும் தேவை. இதைச் சுற்றி வளைக்காமல் முதல் கூட்டத்திலேயே ஆசிரியை பேசிவிட்டால், பயணத்தில் யாரும் வயிற்றுவலியை மறைத்துக்கொண்டு நடக்க மாட்டார்கள்.

உடம்பைத் தயார் செய்வது

பயிற்சியை நவம்பர் நடுவில் தொடங்கினால் ஆறேழு வாரம் கிடைக்கும். மேடு ஏறப் பழக நம் ஊரில் மலை கிடையாது. சுவாமிமலையில் 60 படி இருக்கிறது, ஆனால் பையை மாட்டிக்கொண்டு சாமி சந்நிதிக்கு நாலு தடவை ஏறி இறங்கினால் குருக்கள் ஒரு மாதிரி பார்ப்பார். பள்ளிக்கூடத்து மாடிப்படி போதும். வாரம் மூன்று நாள், சாயங்காலம், பையில் மூன்று நான்கு கிலோ எடை வைத்து அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அது பரவாயில்லை. மலையில் முட்டியைப் படுத்துவது இறக்கம். இறங்கும்போது முட்டியை லேசாக மடக்கி, பாதத்தைச் சற்றே பக்கவாட்டில் வைத்து, அவசரப்படாமல் வர வேண்டும். இதை மாடிப்படியிலேயே பழகிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் ஆறேழு கிலோமீட்டர் நடங்கள். காட்டுக்குப் போட்டுப்போகும் அதே ஷூ, அதே சாக்ஸ். புது ஷூவை வால்பாறையில் முதல்முதலாகப் போடுகிறவருக்கு இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம் நிச்சயம். நவம்பரில் நமக்கு மழைக்காலம் என்பது பெரிய வசதி. தூறல் போடுகிற நாளாகப் பார்த்து, மழைக்கோட்டோடு இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள். எந்தப் பை ஒழுகுகிறது, எந்தச் சாக்ஸ் நனைந்தால் உரசுகிறது, நோட்டு எங்கே இருந்தால் நனையாது என்பதெல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இடி மின்னல் இருந்தால் மட்டும் வேண்டாம்.

ஒற்றை வரிசையில் நடப்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வரப்பில் நடந்து பழகியவர்களுக்கு அது தானாக வரும். முன்னால் வனக்காவலர், கடைசியில் ஓர் ஆசிரியர், நடுவில் மாணவர்கள். காட்டில் கத்திக் கூப்பிட முடியாது என்பதால் கைச்சைகைகளை முன்பே பேசி வையுங்கள். முஷ்டியை உயர்த்தினால் நில், உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்கார், காதைத் தொட்டால் கேள். இந்த மூன்றே போதும். அதிகம் வைத்தால் ஒன்றும் நினைவிருக்காது.

பேசாமல் இருக்கப் பழகுவது

இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். படித்துறையிலோ, பள்ளிப் புங்கமரத்தடியிலோ மாணவர்களை இருவருக்கிடையே பத்தடி இடைவெளி விட்டு உட்கார வையுங்கள். முதல் வாரம் ஐந்து நிமிடம், பேச்சு இல்லை, எழுதுவதும் இல்லை. முதல் நிமிடத்தில் யாராவது ஒருவர் சிரிப்பார், அது வரிசையாகப் பரவும். திட்டாதீர்கள், தானாக அடங்கும். மூன்றாவது நிமிடத்துக்கு மேல்தான் காது திறக்கும். தூரத்து மோட்டார் சத்தம் முதலில் கேட்கும், பிறகு தண்ணீர் படியில் மோதுவது, அதற்கும் பிறகு எதிர்க்கரை மூங்கிலில் ஏதோ ஒன்று விட்டுவிட்டுக் கத்துவது. நேரம் முடிந்ததும் ஒவ்வொருவரும் கேட்டதைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் இருந்தவர்கள் வேறு வேறு பட்டியல் சொல்வதைக் கேட்டு அவர்களே ஆச்சரியப்படுவார்கள். வாரா வாரம் நேரத்தைக் கூட்டி, கிளம்புவதற்குள் இருபது நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மழைக்காட்டில் கண்ணைவிடக் காதுதான் முதலில் உதவும். மரங்கள் முப்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து, மேலே கூரை போட்டிருக்கும். அங்கே நடப்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. பழம் கீழே விழும் சத்தம், கிளை அசையும் சத்தம் இவற்றைக் கேட்டுத்தான் எங்கே பார்ப்பது என்றே தெரியும். சளசளவென்று பேசிக்கொண்டு போகிற குழு கேட்பது தன் சத்தத்தை மட்டும்தான்.

முடிந்தால் டிசம்பரில் ஒரு நாள் கோடியக்கரைக்குப் போய் முழு ஒத்திகை பார்த்துவிடுங்கள். நம் டெல்டாவின் கடைக்கோடியில் இருக்கும் அந்தச் சரணாலயம் 1967-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே இருப்பதும் பசுமைமாறாக் காடுதான், ஆனால் உலர் வகை. மரங்கள் குட்டை, இலைகள் சின்னது, தடிப்பு. வெளிமானை அங்கே பார்த்துவிடலாம், அதுவும் பிள்ளைகள் அமைதியாக வந்தால். அதே நோட்டில் அங்கே பத்து இலைகளின் அளவையும் வடிவத்தையும் வரைந்துகொண்டால், வால்பாறையில் பத்து இலை வரையும்போது வித்தியாசம் தானாகப் புரியும். மழைக்காட்டு இலைகள் பலவற்றுக்கு நுனி கூராக நீண்டிருக்கும். மேலே விழும் தண்ணீர் தங்காமல் வழிந்தோட அந்த நுனி உதவுகிறது.

பை

இப்போது பைக்கு வரலாம். முழுக்கை சட்டை, முழுக்கால் சட்டை, பழுப்பு, இலைப்பச்சை, காக்கி இந்த நிறங்களில். வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் ஒரு நாள் ஆனாலும் காயாது, எடையும் கூடும். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். துவட்ட ஈரிழைத் துண்டு நல்லது, பிழிந்து விரித்தால் காய்ந்துவிடும். சாக்ஸ் மட்டும் தாராளமாக எடுங்கள். ஜனவரி இரவில் அங்கே வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகும். மார்கழிக் காலையில் கோலம் போடும்போது படுகிற குளிரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் கட்டாயம்.

குடை காட்டில் உதவாது, கிளையில் மாட்டும், ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். மழைக்கோட்டு வாங்க வசதியில்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். நம் வயலில் உரச்சாக்கை மடித்துப் போடும் கொங்காணி நல்ல மழைக்கே தாங்கும். தேயிலை பறிக்கும் பெண்களும் பிளாஸ்டிக் விரிப்பைத்தான் உடம்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள்.

அட்டைப்பூச்சி ஏறாமல் தடுக்க அட்டை உறை என்று ஒன்று உண்டு. பாதத்திலிருந்து முட்டி வரை வரும் துணி உறை, மேலே நாடா. சாக்ஸுக்கு மேல் இதைப் போட்டு, கால்சட்டையை உள்ளே செருகி, முட்டிக்குக் கீழ் இறுக்கிக் கட்டி, அப்புறம் ஷூ. கடையில் வாங்கத் தேவையில்லை. நெருக்கமாக நெய்த காடாத் துணியைக் கொடுத்தால் உங்கள் தெருத் தையல்காரர் தைத்துவிடுவார். இதற்கு மட்டும் வெளிர் நிறம் நல்லது, ஏறுகிற அட்டை பளிச்சென்று தெரியும்.

நோட்டும் பென்சிலும். பேனா வேண்டாம், ஈரத்தில் மை பரவும். பேட்டரியில் ஓடும் டார்ச், விசில், தண்ணீர் பாட்டில். பைனாகுலர் பள்ளியில் ஒன்றிரண்டு இருந்தாலே போதும், சுற்றுக்கு விடலாம். கொலுசைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள், ஒரு கொலுசுச் சத்தம் வரிசை முழுவதன் பயிற்சியையும் வீணாக்கும். சென்ட், வாசனைப் பவுடர், தலையில் பூ எதுவும் வேண்டாம், பூச்சியை அழைக்கும்.

தின்பண்டம் எவர்சில்வர் டப்பாவில். முறுக்கு, கடலை உருண்டை, பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் நாலு நாள் தாங்கும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. ஆழியாறு சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். சிப்ஸ் பாக்கெட்டுகளை அங்கே ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் போய்விடும்.

போகும் வழி

மன்னார்குடியிலிருந்து இரவில் கிளம்பும் செம்மொழி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் கோவையில் சேர்க்கும். மயிலாடுதுறைப் பக்கத்தவர்களுக்கு ஜன் சதாப்தி. மாணவர் குழுவுக்குக் கட்டணச் சலுகை கேட்கலாம், தலைமையாசிரியர் கடிதத்தோடு முன்பதிவு அலுவலகத்தில் விசாரியுங்கள். ஊரிலிருந்தே பெரிய டூரிஸ்ட் பஸ்ஸை அமர்த்துவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சமதரையிலேயே ஓட்டிப் பழகிய ஓட்டுநருக்கு அந்த மலைச்சாலை சோதனை. கோவை வரை ரயில், அங்கிருந்து மலை ஓட்டிப் பழகிய உள்ளூர் ஓட்டுநரின் வேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும், மொத்தம் 40, ஒவ்வொன்றிலும் எண் பலகை உண்டு. வாந்தி வரும் பிள்ளைகள் யார் என்று வீட்டில் கேட்டு வைத்து, அவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளட்டும். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டப் பூரி மசாலாவும் ஆகாது. மருத்துவர் சொன்ன மாத்திரையை மலை ஏறத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும், தலை சுற்ற ஆரம்பித்தபின் கொடுத்துப் பயனில்லை. செல்போனைப் பார்க்காமல் எதிரே சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் வண்டியை நிறுத்துங்கள். காற்று வாங்கின மாதிரியும் ஆச்சு, பாறைச் சரிவில் வரையாடு நின்றால் பார்த்த மாதிரியும் ஆச்சு.

அட்டை

அட்டை என்றதும் பெண்பிள்ளைகள்தான் பயப்படுவார்கள் என்று நினைத்தால், ஊரில் எருமை குளிப்பாட்டுகிற வீரர்களே அதிகம் துள்ளுவார்கள். நம் குளத்து அட்டை தண்ணீரில் இருக்கும். இது தரை அட்டை, தீக்குச்சியைவிடச் சின்னது. சருகுக்கடியில் கிடக்கும். நடக்கிற அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று இவை பட்டதும் பின்பக்கத்தை இலையில் ஊன்றி எழுந்து நின்று, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டித் தேடும். ஷூவைத் தொட்டதும், பூக்காரம்மா முழம் போடுவது போலத் தலையை நீட்டி, வாலை இழுத்து, நீட்டி, இழுத்து மேலே வரும். இந்த இடத்தில் பார்த்துவிட்டால் சுண்டிவிட்டால் போதும். ஆகவே நிற்கிற ஒவ்வொரு தடவையும் உங்கள் காலையும் முன்னால் நிற்பவர் காலையும் பார்ப்பது வழக்கமாகட்டும்.

கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள். அதன் மெல்லிய முனைப் பக்கம் நகத்தைத் தோலோடு ஒட்டிச் சறுக்கி, வாய்ப் பிடியை விடுவிக்க வேண்டும். பிறகு தடித்த முனையையும் அப்படியே எடுத்துச் சுண்டிவிடலாம். உப்பு, புகையிலை, நெருப்பு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கடித்துக்கொண்டிருக்கும் அட்டை மேல் இவற்றை வைத்தால் அது வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிட வாய்ப்புண்டு. அட்டையின் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால், எடுத்த பின்னும் வெகு நேரம் கசியும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆபத்து இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சை வைத்து அழுத்திக் கட்டுங்கள். இரண்டு நாள் அரிக்கும், சொறியக் கூடாது. கண், மூக்கு போன்ற இடத்தில் ஏறினால் மட்டும் நீங்களாக எடுக்க முயலாமல் மருத்துவரிடம் போங்கள்.

மற்ற உயிர்களோடு

பாம்பைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்ல வேண்டாம், ஒன்றைத் தவிர. வயலில் பாம்பு காலடியில்தான். மழைக்காட்டிலோ குழிவிரியன் வகைகள் செடியிலும் தாழ்ந்த கிளையிலும் கை எட்டும் உயரத்தில், இலையோடு இலையாக அசையாமல் கிடக்கும். மேடு ஏறும்போது கிளையைப் பிடித்துத் தூக்கிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை வைத்துத் தயாரித்தது. குழிவிரியனுக்கு அதை நம்பியிருக்க முடியாது. கடிபட்டால் அந்த உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனை. கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. செடிகளிலும் தொட்டால் நாள் கணக்கில் எரியும் வகைகள் உண்டு. வனக்காவலர் தொடச் சொல்லாத எதையும் தொடாமல் இருந்தால் சரி.

யானைக்கு வால்பாறையில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வனத்துறையும் அங்கே வேலை செய்யும் இயற்கை ஆய்வாளர்களும் சேர்ந்து, யானை நிற்கும் இடத்தைச் செல்போன் குறுஞ்செய்தியில் ஊருக்குத் தெரிவிக்கிறார்கள். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கைப் பார்த்தால் வேனை நிறுத்திவிட வேண்டியதுதான், ஹார்ன் அடித்து விலக்கப் பார்க்கக் கூடாது. சிறுத்தை நடமாட்டமும் உள்ள ஊர். இருட்டத் தொடங்கியதும் பிள்ளைகள் தங்குமிடத்துக்குள் இருக்க வேண்டும். கடைக்கு ஓடி பிஸ்கட் வாங்கி வருகிறேன் சார் என்பதெல்லாம் கிடையாது.

புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலைக்கே வரும். தூக்கிப் போடும் ஒரு வாழைப்பழம் அதைச் சாலையோரப் பிச்சைக்குப் பழக்கி, வண்டியில் அடிபட வைத்துவிடும். சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் பாலங்களை அண்ணாந்து பாருங்கள்.

உங்களோடு வரும் வனக்காவலர்கள் பலர் காடர், மலசர், முதுவர் போன்ற பழங்குடி மக்கள். அண்ணே, ஐயா என்று முறை வைத்துக் கூப்பிடுங்கள். கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். ‘புலி பார்க்கலாமா’ என்று கேட்டால் ஒற்றை வரியில் பதில் வரும். ‘இந்த மரம் எப்போது பூக்கும், யார் தின்பார்கள்’ என்று கேட்டால் அவர் உட்கார்ந்தே பேச ஆரம்பித்துவிடுவார்.

எதைப் பார்ப்பது

முதல் நாள் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். குழுவுக்கு ஒரு வேலை. ஒரு குழு நாலு மீட்டர் கயிற்றைத் தரையில் சதுரமாகப் போட்டு, அந்த ஒரு சதுர மீட்டருக்குள் இருப்பதை மட்டும் ஒரு மணி நேரம் பார்க்கட்டும். மேலே காய்ந்த முழு இலை, அதன் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அதற்கும் கீழே வெள்ளை இழை ஓடும் கறுப்பு மண். குச்சியால் மெதுவாகப் புரட்டினால் மரவட்டை சுருண்டுகொள்ளும், விரல் நக அளவுத் தவளை ஒன்று தத்தி ஓடும். எதையும் கையால் பிடிக்காமல் எண்ணி, வரைந்து, இலையைப் பழையபடி மூடிவிட வேண்டும்.

இன்னொரு குழு மரம் பார்க்கட்டும். வெடிபலாவைக் காட்டச் சொல்லுங்கள். கிளையை ஒட்டி முள்ளுருண்டையாகக் காய்க்கும், சிங்கவால் குரங்குக்கு முக்கிய உணவு. குங்கிலிய மரத்தின் தளிர் சிவப்பாக இருக்கும். நெருப்பில் போட்டால் மணக்கும் பிசின் அதிலிருந்து வருவது. நம் சமையலறை மிளகும் பலாவும் இந்த மலைக்காட்டுச் சொந்தங்கள்தான். காட்டு மிளகுக்கொடி மரத்தில் ஏறுவதைப் பார்த்தால் வரைந்துகொள்ளுங்கள்.

இருவாச்சி பறந்தால் பார்ப்பதற்கு முன்பே கேட்கும், இறக்கைச் சத்தம் அவ்வளவு. கூடு வைக்கும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் இருந்துகொண்டு வாசலை அடைத்துவிடும். மெல்லிய இடுக்கு வழியாக ஆண் பழம் ஊட்டும். கூட்டு மரம் எதையாவது காவலர் காட்டினால் எட்ட நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். நீங்கள் கீழே நிற்கும் வரை ஆண் உணவோடு வராது.

குறிப்பு எழுதும்போது நேரம், இடம், மழையா வெயிலா, மரத்தில் எந்த உயரம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, உருவத்தை வரையுங்கள். இறகு, விதை, கல் எதையும் எடுத்துவரக் கூடாது, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது.

ஊர் திரும்பிய பிறகு

அன்றைக்கே வெந்நீரில் குளித்து, அக்குள், இடுப்பு, காதுமடல் பின்புறம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். துணிகளைத் தனியாகத் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கி ஒப்பேற்றாதீர்கள். மருத்துவரிடம் காட்டுக்குப் போய்வந்ததை முதலிலேயே சொல்லுங்கள். புதர்ப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் ஆரம்பத்திலேயே தெரிந்தால் எளிய மாத்திரையில் குணமாகும், தள்ளிப்போட்டால் சிக்கலாகும். உடம்பில் எங்காவது வலியில்லாத கருத்த பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள்.

நோட்டுகளை அந்த வாரமே சேர்த்து எழுதிவிடுங்கள். பொங்கல் விடுமுறைக்கு விட்டால் பாதி மறந்துவிடும். குழு வாரியாகப் பார்த்தவற்றைத் தேதியோடு பட்டியலிட்டு, படங்களை ஒட்டி, ஒரு நகலை நன்றிக் கடிதத்தோடு அனுமதி கொடுத்த வனத்துறை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த வருஷம் விண்ணப்பம் போடும்போது அந்தக் கடிதத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள்.